திருப்பிப் பார்க்க வேண்டிய நூல்

அச்சுக்கலையின் இளமைக் காலத்தில் அழகான நூல்கள் ஏராளம். படத்தையே கருவியாக்கி வாசகன் கையில் கொடுத்தவை சில மட்டுமே. ஜெர்மானியக் கணித அறிஞர் பீட்டர் அப்பியான் 1524இல் லாண்ட்ஸ்ஹூட் நகரில் வெளியிட்ட ‘காஸ்மோகிராஃபியா’ அவற்றில் முதல் வரிசையில் நிற்பது. வானியல், புவியியல், வரைபடக் கலை, கருவிகள் என எல்லாவற்றையும் எளிய மாணவனுக்கும் புரியும்படி சொல்கிறது.

அப்பியான் வாதாடுவதில்லை, வரைந்து காட்டிவிடுகிறார். பூமி உருண்டை என்பதற்கு அவர் தரும் படத்தைப் பாருங்கள். சந்திர கிரகணத்தில் நிலவின்மேல் வட்ட நிழல் விழுகிறது. பக்கத்திலேயே சதுர பூமி, முக்கோண பூமி, அறுகோண பூமி. ஒவ்வொன்றுக்கும் அதனதன் வடிவில் நிழல். நாம் வானத்தில் காண்பது எந்த நிழல் என்பதை வாசகனே முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார். உலகம் முழுவதையும் வரைவதற்கும் ஓர் ஊரை மட்டும் வரைவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பண்டைய கிரேக்க அறிஞர் டாலமி சொல்லியிருந்தார். அதை விளக்க, ஒரு பக்கம் மனிதனின் முழு முகம். மறுபக்கம் தனியே ஒரு கண், ஒரு காது. அதற்குமேல் விளக்கம் எதற்கு?

நூலின் உச்சம் அதன் சுழல்வட்டுகள். தாளில் அச்சிட்டு வெட்டிய வட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நடுவே நூல் கோத்து முடிச்சிட்டிருக்கிறார்கள். ஒரு வட்டில் வட துருவத்தை நடுவாகக் கொண்ட உலக வரைபடம். அதன் மேலடுக்கைத் திருப்பினால், இங்கே நண்பகலாக இருக்கும்போது தொலைதூர ஊரில் மணி என்ன என்று தெரிந்துவிடும். பித்தளையில் செய்த வானியல் கருவியை வாங்க வசதியில்லாதவனுக்கும் அதன் வேலையைக் காகிதமே செய்து கொடுத்தது.

கணித அறிஞர் கெம்மா ஃப்ரிசியஸ் 1529 முதல் ஆண்ட்வெர்ப்பில் இந்நூலைத் திருத்தி வெளியிட்டார். 1533 பதிப்பில் அவர் சேர்த்த சிறு பகுதிதான் முக்கோண அளவை முறையை முதன்முதலாக அச்சில் விளக்கியது: இரண்டு கோபுரங்களின் உச்சியிலிருந்து கோணங்களை அளந்து, இடைத்தூரமும் தெரிந்தால், கால் வைக்காத ஊரையும் வரைபடத்தில் குறித்துவிடலாம்.

பூமியே நடுவில் என்ற பழைய கொள்கையில் எழுந்த நூல் இது. சூரியனே நடுவில் என்று சொன்ன கோப்பர்னிக்கஸின் நூல் 1543இல் வந்த பிறகும் இதன் பதிப்புகள் நிற்கவில்லை. காரணம் எளியது. நிற்பது பூமியோ சூரியனோ, வட்டில் பார்க்கும் மணி மாறுவதில்லை.

பலர் கையில் புழங்கியதால் பல பிரதிகளில் வட்டுகள் கிழிந்தோ தொலைந்தோ போயின. வட்டுகள் முழுதாக உள்ள பிரதிக்கே சேகரிப்பாளர்களிடம் தனி மதிப்பு. நூலகங்கள் இதை இணையத்தில் ஏற்றியிருக்கின்றன. ஆனால் திரையில் வட்டு சுழலாது. அந்தப் பக்கத்தை அச்சிட்டு, வெட்டி, நூல் கோத்து ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அப்பியானை வாசிக்கச் சரியான வழி அதுதான்.