செஞ்சி மராட்டியக் கோட்டையா?

2025 ஜூலையில் பாரிசில் கூடிய யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழு, இந்தியாவின் மராட்டிய ராணுவ நிலவமைப்புகள் என்ற தலைப்பில் பன்னிரண்டு கோட்டைகளைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருப்பவை. பன்னிரண்டாவது நம் விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி. மாமல்லபுரத்துக்கும் தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் கிடைத்த அங்கீகாரம் செஞ்சிக்கும் கிடைத்துவிட்டதே என்ற மகிழ்ச்சி ஒரு பக்கம். தமிழ்நாட்டுக் கோட்டைக்கு மராட்டிய முத்திரையா என்ற முணுமுணுப்பு இன்னொரு பக்கம். இரண்டுமே தலைப்பைப் பார்த்துக் கிளம்பியவை. கோட்டையைப் பார்த்து, வரலாற்றைப் பார்த்து, இந்த வகைப்பாடு தேறுமா என்று கேட்பதுதான் முறை.

முணுமுணுப்பவர்களின் பலமான வாதம் ஆண்டுக் கணக்கு. 1677இல் சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றினார். 1698இல் அது மொகலாயர் கைக்குப் போனது. ஆக, மராட்டியர் இருந்தது இருபத்தோரு ஆண்டு. மரபு சொல்லும் கதையோ கி.பி. 1200ஐ ஒட்டி வாழ்ந்த ஆனந்தக் கோனிலிருந்து தொடங்குகிறது. பிறகு விஜயநகர ஆட்சி, அதன் கீழ் எழுந்து பின்னர்த் தனியாட்சியான செஞ்சி நாயக்கர்கள், 1640களின் கடைசியில் பிஜப்பூர் சுல்தானின் படை. மராட்டியருக்குப் பின் மொகலாயர், ஆற்காட்டு நவாபு, 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர், நடுவில் 1780இல் ஹைதர் அலி. இவ்வளவு நீண்ட வரிசையில் இருபத்தோரு ஆண்டுக்காரரின் பெயரை முகப்பில் மாட்டுவது என்ன நியாயம்?

கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஆண்டுக் கணக்கை நாமே ஒருபோதும் மதித்ததில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். செஞ்சிக்குப் பேருந்தில் போகும் யாரையும் கேட்டுப் பாருங்கள், அது தேசிங்குராஜா கோட்டை. அந்தத் தேசிங்கு யார்? மொகலாயர் அமர்த்திய பந்தேல ராஜபுத்திரர் சொரூப் சிங்கின் மகன் தேஜ் சிங். தந்தை இறந்ததும் பட்டமேற்றுக்கொண்டு, ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானுக்குக் கப்பம் கட்ட மறுத்து, 1714இல் போர்க்களத்தில் செத்த இளைஞர். ஓர் ஆண்டுகூட அவர் முழுதாக ஆளவில்லை. அவரையும், அவரோடு மாண்ட முஸ்லிம் நண்பனையும், குதிரையையும் கூத்திலும் கதைப்பாடலிலும் தூக்கிவைத்துக் கொண்டாடியது தமிழ் நாட்டுப்புறம். சில மாத ஆட்சிக்கு ஒரு கோட்டையையே எழுதிக்கொடுத்துவிட்டு, இருபத்தோரு ஆண்டு போதாது என்று யுனெஸ்கோவிடம் வழக்காடுவது எடுபடாது. எவ்வளவு காலம் இருந்தார்கள் என்பது அளவுகோலாகாது. இருந்த காலத்தில் என்ன நடந்தது, நின்றிருக்கும் கல்லில் யாருடைய பங்கு எவ்வளவு என்ற இரண்டைத்தான் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

முதல் தட்டில் மராட்டியர் பக்கம் கனம் அதிகம். 1689இல் சிவாஜியின் மகன் சம்பாஜியை மொகலாயப் பேரரசர் அவுரங்கசீப் கொன்றார். அதே ஆண்டில் தலைநகர் ராய்கட் விழுந்தது. சம்பாஜியின் மனைவியும் மகனும் சிறைப்பட்டார்கள். தம்பி ராஜாராம் மாறுவேடத்தில் தெற்கே தப்பி வந்து சேர்ந்த இடம் செஞ்சி. அடுத்த எட்டாண்டு மராட்டிய அரசு என்று ஒன்று இருந்ததென்றால் அது இங்கிருந்துதான் இயங்கியது. மகாராஷ்டிரத்துச் சகியாத்ரி மலைத்தொடரில் மராட்டியர் கையில் எஞ்சிய கோட்டைகளுக்கான உத்தரவுகளும் அந்நாளில் இந்தக் கருங்கல் குன்றுகளிலிருந்து போயின. கடலூரை அடுத்த தேவனாம்பட்டினக் கோட்டையை 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியதும் செஞ்சி மராட்டியரிடம்தான். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு போய் விழுந்த தூரம்வரை உள்ள ஊர்களெல்லாம் கம்பெனிக்கு என்பது பேரம். அந்த ஊர்களைக் குண்டு கிராமங்கள் என்றே அழைத்தார்கள். (பீரங்கியை வைத்து நில அளவை செய்த ஒப்பந்தம் வேறெங்கும் இருந்ததாக நான் படித்ததில்லை.) இப்படியொரு பங்காற்றிய கோட்டையை விட்டுவிட்டு மராட்டியப் போர் வரலாற்றை எழுதினால் நடுவில் எட்டாண்டு வெற்றிடம் விழும். பட்டியல் தயாரித்தவர்கள் மாநில எல்லையைத் தாண்டி வந்தது இதனால்தான். இதில் அவர்களைக் குறை சொல்ல இடமில்லை.

அந்த எட்டாண்டில் மொகலாயர் இட்ட முற்றுகையை வைத்து ஊதிப் பெருக்கப்படும் ஒரு புகழ்ச்சியை மட்டும் கழித்துவிட வேண்டும். யாராலும் வெல்ல முடியாத கோட்டை என்பதே அது. 1690இல் வந்திறங்கிய மொகலாயத் தளபதி சுல்பிகார் கான் 1698வரை இழுத்தடித்ததற்குச் சுவரின் கனம் மட்டும் காரணமில்லை. மூன்று குன்றுகளையும் சேர்த்துச் சுற்றி வளைக்க அவரிடம் ஆள் போதவில்லை. வெளியே மராட்டியத் தளபதிகள் சந்தாஜி கோர்ப்படேயும் தனாஜி ஜாதவும் அவருடைய தானிய வண்டிகளை மறித்தார்கள். 1692 கடைசியில் காஞ்சிபுரத்து மொகலாய அதிகாரியையே சந்தாஜி பிடித்துப் போனார். கூடாரத்துக்குள் அவுரங்கசீப்பின் மகன் காம்பக்ஷ் எதிரியோடு ரகசியப் பேச்சு நடத்தினார். அவரைக் காவலில் வைத்துவிட்டு முற்றுகையையே கலைத்துக்கொண்டு வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டியதாயிற்று. சுல்பிகார் கானே வேண்டுமென்று தாமதித்தார், பாதுஷாவின் காலத்துக்குப் பின் தெற்கில் தனக்கென ஓர் இடம் பார்த்துக்கொண்டார் என்ற சந்தேகம் அந்நாளிலேயே இருந்தது. கடைசியில் கோட்டை விழுந்தபோது ராஜாராம் உள்ளே இல்லை. இதற்கு மாறாக, 1677இல் சிவாஜிக்குப் பெரிய சண்டை தேவைப்படவில்லை. 1750இல் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை வாயிலைத் தகர்த்து ஒரே இரவில் குன்றுகளைப் பிடித்தது. எனவே செஞ்சி வெல்ல முடியாத கோட்டை அல்ல. உள்ளிருப்பவர் உறுதியாகவும் வெளியிலிருப்பவர் பிளவுபட்டும் இருக்கும்வரை தாக்குப்பிடிக்கக்கூடிய, அசாதாரணமான பெரிய கோட்டை.

இரண்டாவது தட்டு கல். இங்கே தராசு மறுபக்கம் சாய்கிறது. ராஜகிரி, மக்கள் ராணிக்கோட்டை என்று சொல்லும் கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் முக்கோணமாகச் சமவெளியில் இணைத்து ஓடுகிறது சுவர், ஏறத்தாழ 13 கிலோமீட்டர். அதற்குள் இருந்தது ஒரு பாசறை மட்டுமல்ல, முழு நகரம். 1597 வாக்கில் இங்கு வந்த ஏசு சபைப் பாதிரியார் பிமெந்தா, லிஸ்பனைத் தவிரப் போர்ச்சுகலின் எந்த ஊரும் இதற்கு ஈடில்லை என்ற அளவில் எழுதிவைத்தார். அது நாயக்கர் செஞ்சி, சிவாஜி பிறப்பதற்கு முப்பதாண்டு முந்தையது. இன்று உள்ளே நுழைபவர் கண்ணில் முதலில் படுவதும் அந்தக் காலத்துக் கட்டடங்களே. கல்யாண மகாலை எடுத்துக்கொள்வோம். சதுர முற்றம், நாற்புறமும் சிறு அறைகள், நடுவில் அடுக்கடுக்காக உயர்ந்து கூம்பு விமானத்தில் முடியும் கோபுரம். அடுக்கொன்றுக்கு ஓர் அறை, சுற்றிலும் வளைவுகள் கொண்ட தாழ்வாரம். கோட்டைக்கு வெளியே இருந்த நீர்நிலையிலிருந்து சுடுமண் குழாய் வழியாக இதற்குத் தண்ணீர் வந்தது. முற்றுகைக்கு அஞ்சி வாழும் படைத்தலைவன் கட்டும் கட்டடமல்ல இது. நிலைத்து ஆளப்போகிறோம் என்று நம்பியவன் கட்டுவது. இதுவும், பெருங்களஞ்சியமும், வெங்கடரமணர் கோயிலும் விஜயநகர, நாயக்கர் காலத்தவை என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. அந்தக் கோயிலின் தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துக்கொண்டு போனார்கள். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை செஞ்சித் தூண்களே என்று சொல்கிறார்கள். மராட்டிய ராணுவம் பற்றிய தலைப்பின் கீழ் இந்தத் தூண்களை எங்கே வைத்துப் பேசுவது?

மராட்டியர் இங்கே எதுவும் கட்டவில்லை என்றும் சொல்லக்கூடாது. சிவாஜி வந்தவுடன் புதிய மதில்களும் அகழிகளும் கொத்தளங்களும் எழும்பியதை அன்று இந்தப் பகுதியில் இருந்த ஏசு சபையாரின் கடிதம் சொல்கிறது. ஆனால் அவர்கள் சேர்த்தது ஏற்கெனவே இருந்த உடம்புக்குக் கவசம். அதோடு, நிலவமைப்பு என்று தலைப்பிட்டபின் நிலத்தையும் பார்க்க வேண்டுமல்லவா? ராய்கட், ராஜ்கட், சால்ஹேர் எல்லாம் கரும்பாறை அடுக்கு அடுக்காகப் படிந்த மலைத்தொடரின் செங்குத்து விளிம்பையே சுவராக்கிக் கொண்டவை. சிந்துதுர்க்கும் சுவர்ணதுர்க்கும் கடலை அகழியாக்கிக் கொண்டவை. மராட்டியப் போர்முறையும் அந்த நிலமும் ஒன்றையொன்று வளர்த்தன என்பதே அந்தப் பட்டியலின் மையக் கருத்து. செஞ்சியோ உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்த கருங்கல் குன்று. சுற்றிலும் வயலும் ஏரியும். ராஜகிரியின் உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை பிளந்து ஆழமான வெட்டு விழுந்திருக்கிறது. அதன்மேல் மரப்பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் மேலே இருக்கும் ஒரு சிலரே ஒரு படையை நிறுத்திவிடலாம். அந்தப் பிளவைக் கண்டுபிடித்துப் பயன்படுத்தியது சகியாத்ரி அறிவல்ல. இந்த ஊர்ப் பாறையை அறிந்தவர்கள், மராட்டியருக்கு வெகு முன்பே செய்த வேலை.

ஆகவே என் தீர்ப்பு: பட்டியலில் செஞ்சி இடம்பெற்றது சரி. நிலவமைப்பு என்ற காரணம் அதற்குப் பொருந்தவில்லை. 1689 முதல் 1698 வரையிலான அரசியலுக்காகச் சேர்த்தோம் என்றால் ஒருவரும் மறுக்க முடியாது. வடிவத்தாலும் கட்டுமானத்தாலும் மராட்டியக் கோட்டை வகை என்றால் கல்லே அதை மறுக்கிறது. இந்த வகைப்பாட்டில் உண்மையில் இழப்புக்குள்ளானவர் தமிழரா மராட்டியரா என்பதல்ல விஷயம். செஞ்சியைக் கட்டி எழுப்பிய நாயக்கர்களுக்காகப் பேசத்தான் ஆளில்லை. தமிழ் மேடைகளுக்கு அவர்கள் தெலுங்கர். ஆந்திரத்துக்கு அவர்கள் எல்லைக்கு அப்பால் இருந்தவர்கள். தேசிங்குக்காவது கூத்து இருந்தது, சிவாஜிக்கு ஒரு மாநிலமே இருக்கிறது. செஞ்சியை ஆண்ட கிருஷ்ணப்ப நாயக்கருக்குக் கட்டடங்கள் மட்டுமே மிச்சம்.

இதற்குப் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்வது தீர்வாகாது. பாரம்பரியத் தகுதியோடு வரும் பராமரிப்புக் கடமையும் வெளியுலகக் கண்காணிப்பும் 1921 முதல் பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருந்தும் செஞ்சிக்குப் போதிய அளவில் கிடைக்காதவை. செய்யக்கூடியது வேறு. தஞ்சைப் பெரிய கோயில் 1987இல் தனியாகப் பட்டியலேறி, 2004இல் கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் சேர்க்கப்பட்டபின் சோழர் கோயில்கள் என்று விரிந்தது. ஆக, ஒருமுறை எழுதிய பதிவு மாற்ற முடியாததல்ல. கோட்டை வாயிலில் வைக்கும் விளக்கப் பலகையில் எல்லா ஆட்சிகளும் காலவரிசையில் வர வேண்டும். கல்யாண மகாலின் நீர்க்குழாய்த் தடத்தை முழுவதுமாக அளந்து வரைபடமாக்க வேண்டும். புதுச்சேரித் தூண்கள் செஞ்சியின் எந்த மண்டபத்தில் நின்றவை என்று ஒப்பிட்டுப் பதிய வேண்டும். உலகப் பாரம்பரியச் சின்னங்களின் நிலை குறித்து யுனெஸ்கோவுக்கு நாடுகள் அவ்வப்போது அறிக்கை தருகின்றன. செஞ்சி பற்றிய அடுத்த அறிக்கையில் நாயக்கர் பகுதிக்கு எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.