எந்த வரி உபரி? கர்னல் கட்டமைப்புக் கோப்புகளில் இரண்டு சுத்தப்படுத்தல்கள்

லினக்ஸ் கர்னலில் உபரி இயல்புநிலை வரிகளை நீக்கும் பேட்ச்கள் அடிக்கடி வரும். பெரும்பாலும் நல்ல வேலைதான். ஆனா இரண்டு வேறு வேலைகளுக்கு 'சுத்தப்படுத்தல்' என்று ஒரே பெயர் வைப்பதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

முதலாவது, கேகான்ஃபிக் கோப்பில் வரும் 'டிஃபால்ட் என்'. ஆம்/இல்லை வகை ஆப்ஷனுக்கு எதுவும் எழுதாவிட்டாலும் அது 'இல்லை'தான். மொழியின் விதியே அப்படி. முன்பெல்லாம் பயனருக்குத் தெரியாத ஆப்ஷனில் இந்த வரி இருந்தால் டாட்-கான்ஃபிக்கில் 'அமைக்கப்படவில்லை' என்று ஒரு வரி கூடுதலாக விழும். 2018இல் அதுவும் நின்றது. அதே ஆண்டில் இந்த வரிகளைக் களையும் பேட்ச்கள் வரிசையாக வந்தன. ஒரே எச்சரிக்கை: நிபந்தனை பொருந்தும் முதல் இயல்புநிலைதான் செல்லும். அதனால் 'டிஃபால்ட் ஒய்'க்கு மேலே நிபந்தனையோடு நிற்கும் 'டிஃபால்ட் என்' உபரி இல்லை.

இரண்டாவது, டெஃப்கான்ஃபிக். 2010இல் ஆர்ம் பிரிவின் கோப்புகள் வீங்கிப்போய் லினஸ் டோர்வால்ட்ஸ் கடிந்துகொண்டார். யூவே கிளைனே-கோனிக்கின் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு வரியாக எடுத்துப் பார்த்து, முடிவு மாறாவிட்டால் நீக்கியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வரிகள் போயின. 2.6.36இல் 'சேவ்டெஃப்கான்ஃபிக்' கட்டளையும் வந்தது.

இங்கே நீக்கப்பட்ட வரி *இன்றைக்கு* மட்டும்தான் உபரி. போடி மலைச்சரிவில் ஏலக்காய் உலர்த்தும் அறையில் வெப்பம் பார்க்கும் ஒரு சின்ன போர்டை வச்சுக்குவோம். அதன் சென்சார் டிரைவர் இயல்பாகவே 'ஆம்' என்பதால் அந்த வரி நீக்கப்படுகிறது. பிறகு யாரோ அந்த இயல்புநிலையை 'இல்லை' ஆக்குகிறார். புதிய கர்னல் பிழையில்லாமல் பில்ட் ஆகும். டிரைவர் மட்டும் இருக்காது. வெப்பம் கூடினால் காயின் பச்சை போகும். பச்சை போனால் ஏலத்தில் விலையும் போச்சு.

அதற்காகப் பழைய வீக்கத்துக்கே திரும்பணும்னு நான் சொல்லவில்லை. போர்டு நம்பியிருக்கும் நாலைந்து ஆப்ஷன்களைத் தனித் துணுக்குக் கோப்பில் வெளிப்படையாக எழுதி, 'மெர்ஜ்_கான்ஃபிக்' ஸ்கிரிப்ட்டால் சேருங்க. கேட்டது இறுதிக் கோப்பில் இல்லாவிட்டால் அது எச்சரிக்கும். கர்னல் மாற்றும்போது பழைய, புதிய முழு டாட்-கான்ஃபிக்கை 'டிஃப்கான்ஃபிக்' கொண்டு ஒப்பிடுங்க.

மொழியின் விதி சொல்வதைத் திரும்ப எழுத வேண்டாம். அடுத்தவர் நாளை மாற்றக்கூடியது நமக்கு முக்கியம் என்றால், அதை எழுதித்தான் வைக்கணும்.