வராதவர்கள் போட்ட கையெழுத்து

2006 மே. அமெரிக்காவின் வில்மிங்டன் நகரில், வீட்டுக்கான மரச்சட்டம், பெயின்ட், ஆணி விற்கும் ஹோம் டிப்போ கம்பெனியின் பங்குதாரர் கூட்டம். வந்திருந்தவர் தலைவர் ராபர்ட் நார்டெல்லி மட்டும். மற்ற இயக்குநர்களில் ஒருத்தரும் வரலை. கேள்விக்கு ஒரு நிமிஷம். கடிகாரம் வச்சு எண்ணினாங்க. சுமார் அரை மணியில் எல்லாம் முடிஞ்சது. பங்கு விலை ஏறாதபோது இவருக்கு மட்டும் ஏன் இத்தனை கோடி? பதில் சொல்ல வேண்டியவர்கள் அந்தச் சம்பளத்துக்குச் சம்மதித்த, வராத இயக்குநர்கள்தாம். 2007 ஜனவரியில் அவர் வெளியேறியபோது கிடைத்தது சுமார் 21 கோடி டாலர்.

ஆசிரியனின் மரணம் பற்றி பார்த் 1967இல் எழுதியதை நாம் கொண்டாடினோம். தப்பில்லை. ஆனால் சம்பள ஒப்பந்தமும் ஒரு பிரதிதான். அதன் ஆசிரியர்கள் சாகவில்லை, ஒளிந்திருக்கிறார்கள். வாசகனை விடுவித்த 'இன்மை' இங்கே அதிகாரத்தின் கவசமாகிறது. 2010இன் டாட்-ஃபிராங்க் சட்டம் பங்குதாரருக்குச் சம்பளம் குறித்த வாக்கைத் தந்தது; அது இயக்குநர்களைக் கட்டுப்படுத்தாது. வாசிக்கலாம், திருத்த முடியாது. கடையில் ஆரஞ்சு ஏப்ரன் கட்டி நிற்கும் தொழிலாளியிடம் பங்கு இல்லையென்றால் அதுவும் கிடையாது.

கவிதையில் ஆசிரியனைக் கொன்றாகிவிட்டது, சரி. சம்பள ஒப்பந்தத்தில் அவனைத் தேடிப்பிடித்து, பேர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் ஆகணும்.