ஒரு ரூபாய்ப் பிணையும் ‘இல்லை’ என்கிற சான்றிதழும்

1951இல் அஸாமில் மசாங் லாலுங் என்கிற பழங்குடி இளைஞரைப் போலீஸ் பிடிக்கிறது. இந்திய தண்டனைச் சட்டம் 326, கொடுங்காயம் விளைவித்தல். விசாரணை நடக்கவில்லை. புத்தி சரியில்லை என்று தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். 1967இல் ‘ஆள் முழுசாத் தேறிவிட்டார், விடலாம்’ என்கிறது மருத்துவமனை. விடவில்லை, இன்னொரு சிறைக்கு மாற்றினார்கள். 2005இல் ஒரு ரூபாய் சொந்தப் பிணையில் வெளியே வந்தபோது 54 வருஷம் போயிருந்தது. 2007இல் உச்சநீதிமன்றம் மூன்று லட்சம் இழப்பீடும் மாதம் ஆயிரம் ரூபாயும் தரச் சொன்னது. அந்த வருஷமே அவர் செத்துப்போனார்.

இந்த இடத்தில் நம்மவர்கள் உடனே ஃபூக்கோவை எடுத்துக்கொண்டு வருவோம். நானும் செய்திருக்கிறேன். ‘கண்காணிப்பும் தண்டனையும்’ (1975) சொல்கிற ஓயாத பார்வை, பதிவேடு, ஒழுங்கு என்றெல்லாம். ஆனால் லாலுங்கை யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்? ஒருத்தரும் பார்க்கவில்லை என்பதுதானே விஷயம். பார்க்கிற அதிகாரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாய் எழுதிய நாம், மறந்துபோகிற அதிகாரத்தைப் பற்றிப் பேசியது குறைவு. இங்கே கோப்பு இருக்கிறது, தூசி படிந்து. கோப்பு இருப்பதே அவரை உள்ளே வைக்கப் போதுமானது. அதைத் திறந்து பார்க்கும் ஆள் வேண்டியதில்லை.

சட்டத்தின் சொல்லாடலில் ‘பைத்தியம்’ என்பது வேதனைப்படுகிறவன் அல்ல, கேள்விக்குப் பதில் சொல்லத் தகுதி இல்லாதவன். தகுதி வரும்வரை வழக்கை ஒத்திப்போடலாம். அப்போது வைத்தியத்தின் இலக்கு எதுவாகிறது? ஆளைத் தேற்றிக் கூண்டில் நிறுத்துவது. குணமானால் கோர்ட், ஆகாவிட்டால் வார்டு. கோர்ட்டும் கூப்பிடவில்லையென்றால்? ஹசாரிபாக் சிறையில் தேறிய பிறகும் வருஷக்கணக்கில் கிடந்தவர்களை 1982இல் வீணா சேத்தி வழக்கு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. குற்றமே செய்யாத மனநோயாளிகளைச் சிறையில் வைப்பது சட்டவிரோதம் என்று ஷீலா பார்ஸே வழக்கில் 1993இல் தீர்ப்பாயிற்று. மேற்கு வங்கச் சிறைகளில் அவர்களுக்கு வைத்திருந்த பெயர் ‘குற்றமற்ற பைத்தியங்கள்’. குற்றமற்ற என்று எழுதிவிட்டுத்தான் பூட்டியிருக்கிறார்கள்!

இப்போது 2017 மனநல பராமரிப்புச் சட்டத்தின் 103ஆம் பிரிவை ஒரு பிரதியாக வாசிப்போம். மாநிலத்துக்குக் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பகுதியில் மனநல நிலையம் வேண்டும் என்கிறது. நல்லது. ஒன்று போதுமா என்பது இருக்கட்டும். அந்தப் பகுதியின் மனநல வார்டுக்கு மாற்றிவிட்டாலே கடமை முடிந்தது என்றும் சொல்கிறது. அதைவிட விசித்திரம் அடுத்தது. சிறை மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். எதைப் பற்றி? இந்தச் சிறையில் மனநோயுள்ள கைதிகள் யாரும் *இல்லை* என்று சான்றளித்து. எத்தனை பேர் என்று கேட்கவில்லை. பதிலைச் சட்டமே எழுதி வைத்துவிட்டுக் கையெழுத்தை மட்டும் கேட்கிறது. நோக்கம் நல்லதாகவே இருக்கலாம்: நோயாளியைச் சிறையில் வைக்காதே என்பது. ஆனால் ராத்திரி முழுக்கத் தூங்காமல் சுவரோடு பேசுகிறவன் அந்தத் தாளில் எங்கே வருவான்? ‘நடிக்கிறான் சார்’ என்று வார்டர் சொன்னால், தாள் சுத்தமாகிவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கசந்தாலும். மனநல மருத்துவமே அதிகாரத்தின் கையாள் என்று நாம் மேடையில் பேசியபோது கைதட்டல் கிடைத்தது. உள்ளே இருப்பவனுக்கு அந்தக் கையாள்கூட வரவில்லை. மருத்துவத்தை மறுக்கிற உரிமை மருத்துவம் கிடைத்தவனுக்குத்தான் இருக்கிறது. லாலுங் விஷயத்தில் 1967இல் விடலாம் என்று சொன்னது மருத்துவமனைதான், நம் கோட்பாடு அல்ல.

ஆகவே கட்டுடைப்பதோடு, அந்த ‘இல்லை’ அறிக்கைகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் (2005) கேட்டு வாங்குவோம். மாவட்டம் மாவட்டமாக. கூடவே மூன்று கேள்வி: வார்டில் எத்தனை பேர், எந்தத் தேதியிலிருந்து, அடுத்த வாய்தா என்றைக்கு.