எட்டுக் கட்டத்துக்குள் யாழ்ப்பாணம்

ஆர்டுயினோ ஊனோ பலகையின் வேலை நினைவகம் வெறும் 2 கிலோபைட். 1981இல் வந்த இசட்எக்ஸ்81 வீட்டுக் கணினிக்கு 1 கிலோபைட்தான். ஆக, அந்தக் காலத்துப் பெடியளைவிட நாங்கள் இரு மடங்கு வசதியான ஆட்கள்! பழைய கணினிகளில் நிரல் எழுதிப் பழக ஆசைப்படுகிறவர் அவற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை. இந்தப் பலகையும் 16 எழுத்து, இரண்டு வரி எல்சிடி திரையும் போதும். பின்பக்கம் ஐ2சி துண்டு பூட்டிய திரையென்றால் நாலு வயரோடு வேலை முடியும்.

நான் எடுத்தது மலிவான நகல் பலகை. அதன் யூஎஸ்பி சிப்புக்குரிய டிரைவரை நிறுவிய பிறகுதான் மடிக்கணினி அதைக் கண்டுகொண்டது. திரையில் ஒன்றும் தெரியவில்லையென்றால் உடனே கடைக்கு ஓடாதீர்கள். பின்னால் நீலப் பெட்டியில் உள்ள சின்னத் திருகாணியைத் திருப்பினால் எழுத்து தெளியும்.

சுவையான இடம் இனித்தான். இந்தத் திரைகளில் ஆங்கிலம் பதிந்தே வரும். பலவற்றில் ஜப்பானியக் கத்தகானாவும் உண்டு. தமிழ் இல்லை. ஆனால் எட்டு எழுத்துகளை நாமே வரைந்து சேர்க்க இடம் விட்டிருக்கிறார்கள். ஓர் எழுத்துக்குக் குறுக்கே 5 புள்ளி, நெடுக்கே 8 வரி. தெரிகிற புள்ளியை 1, தெரியாததை 0 என்று படித்தால் ஒவ்வொரு வரியும் ஓர் எண். ‘ப’வின் இரு கால்களுக்கு 17, 17, 17, 17, அடிக்கோட்டுக்கு 31. உச்சி வரியில் 4 போட்டால் புள்ளி விழுந்து ‘ப்’ ஆகிவிடும். இருமஎண் என்றால் என்னவென்று இதற்குமேல் ஒருவருக்கு விளக்கத் தேவையில்லை.

‘யாழ்ப்பாணம்’ எழுத ய, கால், ழ், ப், ப, ண, ம் என்று ஏழு வடிவம் வேண்டும். ‘ண’ ஒரு கட்டத்துக்குள் அடங்காது, இரண்டு கேட்கும். மொத்தம் சரியாக எட்டு! கட்டங்களுக்கு இடையில் உள்ள இடைவெளி ‘ண’வை நடுவில் பிளக்கிறது, அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ‘ழ்’தான் உண்மையில் மனுசரை வதைக்கிறது: மேலே புள்ளி, கீழே சுழி, எல்லாம் அந்த எட்டு வரிக்குள்.

மின்சாரம் பெரிதாகத் தேவைப்படாது. 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் போன நாட்டில் இது சின்ன விசயமில்லை. ஆனால் இழுக்கும் மின்னோட்டம் குறைவென்பதால், சில பவர் பாங்குகள் ஒன்றும் பூட்டவில்லையென்று நினைத்துத் தாமாகவே அணைந்துவிடுகின்றன. தொண்ணூறுகளில் குடாநாடு இருளில் கிடந்தபோது சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட தலைமுறைக்கு வேறு யோசனையும் வரும். வரட்டும், டைனமோ தருவது மாறுமின்னோட்டம் என்பதால், நேராக்கியும் 5 வோல்ட் சீராக்கியும் இடையில் இல்லாமல் பலகையில் கொழுவக் கூடாது.

வைஃபை வேண்டுமென்பவர் ஈஎஸ்பி32 பலகையின் பக்கம் போகலாம். பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்க யோசிப்பவர் ஊனோவையே வாங்கலாம், கூடவே ஒரு சதுரக்கோட்டுக் கொப்பியும்.