திணையும் இணை உலகமும்: புல்மனின் புதினத்தைத் தமிழாக்குவதில் எழும் ஒரு சிக்கல்

பிலிப் புல்மன் எழுதிய 'நார்தர்ன் லைட்ஸ்' (1995), 'த சப்டில் நைஃப்' (1997), 'தி ஆம்பர் ஸ்பைகிளாஸ்' (2000) ஆகிய மூன்று ஆங்கிலப் புதினங்களும் 'ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்' என்னும் ஒரே தொகுதியாக அமைவன. இணை உலகங்கள், சூனியக்காரிகள், பேசும் கரடிகள் என மாயப் புனைவின் கூறுகள் யாவும் இவற்றில் உள. தொகுதியின் சமயக் கண்டனம் பற்றியும், மில்டனின் காப்பியத்தோடு இதற்குள்ள உறவு பற்றியும் திறனாய்வாளர் பலர் எழுதியுள்ளனர். இக்கட்டுரை ஒரு வினாவை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. இந்த இணை உலகம் தமிழில் எந்த இலக்கணக் கூற்றில் நிலைபெறும் என்பதே அவ்வினா.

1. சொல்லாக்கம்

லைரா என்னும் சிறுமியின் உலகம் நம் உலகை ஒத்தது. ஆயினும் அதன் வரலாறு வேறு. அவ்வேறுபாட்டைப் புல்மன் விளக்கவுரையால் அன்றிச் சொற்களாலேயே புலப்படுத்துகிறார். மின்சாரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், ஆம்பர் என்னும் இறுகிய மரப்பிசினின் கிரேக்கப் பெயரிலிருந்து பிறந்தது. லைராவின் உலகிலோ அதே பொருள் 'அன்பாரிக்' எனப்படுகிறது. அது ஆம்பரின் அரபுப் பெயரை அடியாகக் கொண்டது. பொருள் ஒன்று, பெயர் வந்த வழி வேறு. அவ்வாறே இயற்பியல் அங்கே 'செய்முறை இறையியல்' ஆகிறது. அறிவியலின் மீது திருச்சபைக்குள்ள பிடி இவ்வொரு தொடரிலேயே விளங்கிவிடுகிறது.

இவற்றுள் இரண்டாவது தமிழுக்கு எளிதில் வரும். முதலாவது வாராது. 'மின்சாரம்' என்னும் சொல்லின் முதற்பகுதி மின்னலோடு உறவுடையது. ஆம்பரை எப்பெயரால் குறித்தாலும் மூலத்தில் உள்ள சொல்லுறவு தமிழில் தோன்றுவதில்லை. எனவே சொல்லாக்க நிலையில் மொழிபெயர்ப்பு ஓரளவு இழப்புக்கு உள்ளாவது இயல்பே. அவ்விழப்பை ஈடுசெய்யும் வாய்ப்பு வேறோர் இடத்தில் உள்ளது.

2. முதல் வினைமுற்று

லைராவின் உலகில் ஒவ்வொரு மனிதரின் அகமும் உடலுக்கு வெளியே ஒரு விலங்கு வடிவில் உடன் வாழ்கிறது. இதனைப் புல்மன் பழைய கிரேக்கச் சொல்லால் 'டீமன்' என்கிறார். ஒலியில் அது பேயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை ஒத்தது. எழுத்தில் மட்டுமே வேறுபட்டது. தமிழ் எழுத்தில் இவ்வேறுபாட்டைக் காட்ட இயலாது. ஆதலின் 'உயிர்த்துணை' என்னும் ஆக்கத்தை இக்கட்டுரை கையாள்கிறது. லைராவின் உயிர்த்துணையாகிய பான்டலைமன் ஆண். ஒருவரின் உயிர்த்துணை பெரும்பாலும் எதிர்ப்பாலாகவே அமையும்.

முதற் புதினத்தின் தொடக்க வாக்கியத்திலேயே லைராவும் அவள் உயிர்த்துணையும் ஒரே வினைக்கு எழுவாய்களாக வருகின்றனர். ஆங்கில வினை திணை காட்டாது. தமிழிலோ 'நகர்ந்தனர்' என்பதா, 'நகர்ந்தன' என்பதா, இரண்டு வினைகளாகப் பிரிப்பதா என்பதை அங்கேயே முடிவு செய்தாக வேண்டும். மலையாளத்தில் வினைமுற்று திணை பால் காட்டாமையின் அம்மொழிபெயர்ப்பாளர் சுட்டுப்பெயர் வரும்வரை முடிவை ஒத்திப்போடலாம். இந்தி வினை ஆண், பெண் வேறுபாட்டைக் காட்டினும் மனிதர், விலங்கு என்னும் வேறுபாட்டைக் காட்டுவதில்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கோ தள்ளிப்போட வழியில்லை.

3. வழுவமைதியா, வழாநிலையா?

'உயிர்' என்னும் பெயரை மட்டும் தேர்ந்தால் சிக்கல் வலுக்கும். உயிர், உடம்பு, உலகம், தெய்வம், பூதம் முதலிய பத்துச் சொற்களைத் தொல்காப்பியச் சொல்லதிகாரம் தொகுத்து உரைக்கிறது. அவை உயர்திணையோடு சார்த்தி எண்ணப்படினும் அஃறிணை முடிபே பெறும். 'உயிர் போயிற்று' என்கிறோம், 'போனான்' என்பதில்லை. 'துணை' என்னும் சொல்லோ இரு திணைக்கும் இடந்தருவது.

உவப்பு முதலிய காரணங்களால் திணை மயங்குதலை நன்னூல் ஏற்கிறது. பசுவை 'அம்மை' என அழைத்துப் பெண்பால் முடிபு கொடுப்பது இதற்குக் காட்டப்படும் உதாரணம். குழந்தைக் கதைகளில் 'சிங்கராஜா சொன்னார்' என வருவதும் இவ்வகையில் அடங்கும். பான்டலைமனுக்கு ஆண்பால் ஈறு தருவதையும் இவ்வமைதியால் நியாயப்படுத்தலாம் என்று தோன்றும். இக்கட்டுரையாளர் கருத்து அதுவன்று. வழுவமைதி என்பது பேசுவோரின் உணர்ச்சியால் வருவது. லைராவின் உலகில் உயிர்த்துணை மனிதரின் பகுதி; அங்கு 'பான்டலைமன் சொன்னான்' என்பது வழாநிலை. நம் உலகில் அதுவே வழு. இரண்டு உலகங்களுக்கும் இடையிலுள்ள எல்லை தமிழில் ஒரு வினையீற்றில் அடங்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் சுட்டுப்பெயரளவில் நிற்கும் இவ்வேறுபாட்டைத் தமிழ் வினைதோறும் காட்ட வல்லது.

இதனால் மொழிபெயர்ப்பாளருக்குக் கிடைக்கும் பயன் இரண்டாம் புதினத்தில் வெளிப்படும். நம் உலகிலிருந்து செல்லும் வில் என்னும் சிறுவன், லைராவுடன் இருக்கும் விலங்கை முதலில் 'அது' என்றே எண்ணுவான், எண்ண வேண்டும். பிறரின் உயிர்த்துணையைத் தொடலாகாது என்பது லைராவின் உலகின் மரபு. ஆயினும் காயமுற்ற வில்லின் கையைப் பான்டலைமன் தானே முன்வந்து நக்குகிறான். வில்லின் நோக்கில் வினையீறு 'ஆன்' என மாறுவதற்கு உரிய இடம் அதுவே.

4. துண்டிப்பும் பொம்மையும்

திணைத் தேர்வு வெறும் இலக்கண நுட்பம் அன்று. போல்வங்கர் நிலையத்தில் குழந்தைகளை அவர்தம் உயிர்த்துணைகளிடமிருந்து துண்டிக்கின்றனர். அவ்வாறு துண்டிக்கப்பட்ட ஒரு சிறுவன் உலர்ந்த மீன் ஒன்றைப் பற்றிக்கொண்டு நிற்கிறான். தொடக்கம் முதல் உயிர்த்துணைகளுக்கு அஃறிணை ஈறே வழங்கியிருப்பின், வாசகர் அவன் வளர்ப்பு விலங்கொன்றை இழந்ததாகவே கொள்வர். புதினத்தின் அச்சம் அங்கே அழிந்துவிடும். மீன் 'அது', இழந்ததோ 'அவள்' அல்லது 'அவன்'.

கவசக் கரடிகளுக்கு உயிர்த்துணை இல்லை. கவசமே அவற்றின் ஆன்மா என்று யோரெக் கூறுகிறான். கரடிகளின் அரசனான யோஃபூரோ மனிதனாக விழைந்து மடியில் ஒரு பொம்மையை உயிர்த்துணையாக வைத்திருக்கிறான். அவ்வாசையைக் கண்டறிந்தே லைரா அவனை ஏமாற்றுகிறாள். தமிழிலக்கண நோக்கில், யோஃபூர் உயர்திணைக்கு ஏங்கிய கரடி எனலாம்.

5. முடிவுரை

அந்துப்பூச்சி வடிவில் இருப்பதற்கு 'ஆன்' ஈறு தருவது அச்சுப்பிழையாகத் தோன்றும் என மறுப்பு எழலாம். விலங்கின் பெயரை எழுவாயாக்காமல், 'அந்துப்பூச்சி வடிவில் இருந்த பான்டலைமன் சொன்னான்' என இயற்பெயரை எழுவாயாக்குவதால் இம்மறுப்பு பெரும்பகுதி நீங்கும். எஞ்சும் சிறு உறுத்தலை நீக்க வேண்டியதில்லை. விளக்கம் ஏதுமின்றி முதல் வாக்கியத்திலேயே டீமனை எதிர்கொள்ளும் ஆங்கில வாசகருக்கும் அத்தகைய உறுத்தல் உண்டு. அடிக்குறிப்பு இட்டு அதனைப் போக்குவதைவிட, முதல் வினையை 'நகர்ந்தனர்' என முடித்து, அவ்வுலகின் இலக்கணத்தை வாசகர் தாமே கண்டுணர விடுவதே தக்கது.