தோள்சீலையும் குப்பாயமும்: ஆடைச் சொற்களின் பொருளெல்லையும் மொழிபெயர்ப்பும்

முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டு மகளிர் ஆடையணி பற்றிய நூல்கள் பெரும்பாலும் ஐரோப்பிய நகரங்களை நடுவாகக் கொண்டவை. ஆடை மாற்றத்தைச் சுவை மாற்றமாகவே அவை விளக்குகின்றன. 1850களின் பிற்பகுதியில் எஃகு வளையம் பொருத்திய கிரினோலின் ஐரோப்பிய மகளிரிடையே பரவிற்று. அதே ஆண்டுகளில் தென் திருவிதாங்கூரில், மேலாடையை எவர் எவ்வாறு உடுத்தலாம் என்பது அரசாணைக்குரிய பொருளாக இருந்தது. சாணார் என அக்கால ஆவணங்கள் குறிக்கும் நாடார் சமூகப் பெண்கள் தொடர்பான அப்பூசலைக் குறிக்கும் சொற்களையும், அவை தமிழில் பெயர்க்கப்படும் முறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

மூன்று பெயர்கள்

இந்நிகழ்ச்சி தமிழில் தோள்சீலைக் கலகம் அல்லது தோள்சீலைப் போராட்டம் எனப்படும். மலையாளத்தில் மேல்முண்டு சமரம், மாறு மறைக்கல் சமரம் என்னும் பெயர்கள் உள. ஆங்கில ஆய்வுலகில், 1968இல் வெளிவந்த ராபர்ட் ஹார்டுகிரேவின் கட்டுரைத் தலைப்பை ஒட்டி, ‘மார்புத்துணிப் பூசல்’ எனப் பொருள்படும் பெயர் நிலைபெற்றது. தமிழ்ப் பெயர் தோளைச் சுட்டுகிறது. ஆங்கிலப் பெயர் மார்பைச் சுட்டுகிறது. மலையாளப் பெயர்களுள் ஒன்று ஆடையையும் மற்றொன்று மறைத்தல் என்னும் செயலையும் சுட்டுகின்றன. பெயர் எதனைச் சுட்டுகிறதோ அதுவே பூசலின் பொருள் எனப் படிப்போர் கொள்வது இயல்பு. எனவே இவற்றை ஒன்றற்கொன்று நிகராகக் கொள்ளுதல் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

தைத்ததும் தையாததும்

மேல்முண்டும் தோள்சீலையும் தையாத துணிகள். நாயர் முதலிய மேனிலைச் சாதிப் பெண்கள் அதனை உடுத்தினர். தம்மினும் உயர்ந்தோர் முன்னிலையில் அதனை நீக்குவதே மரியாதை எனப்பட்டது. ஆகவே அத்துணி நாணத்தின் அடையாளம் என்பதினும் தகுதியின் அடையாளம் எனலே பொருந்தும்.

குப்பாயம் தைத்த மேற்சட்டை. இச்சொல் தமிழுக்குப் புதிதன்று. சீவக சிந்தாமணியில் அது மிலேச்சன் ஒருவனின் உடையாக வருகிறது. கேரளத்தில் சிரியன் கிறித்தவப் பெண்களும் மாப்பிளைப் பெண்களும் அணிந்த சட்டைக்கும் இப்பெயரே வழங்கிற்று. தைத்த ஆடை சமயத்தால் வேறுபட்டோர்க்குரியது என்னும் குறிப்பு இச்சொல்லின் பயன்பாட்டில் தொடர்ந்து வந்துள்ளது.

1814ஆம் ஆண்டு ஆணை இவ்வேறுபாட்டைக் கொண்டே அமைந்தது. கிறித்தவம் தழுவிய சாணார் பெண்கள் குப்பாயம் அணியலாம். நாயர் பெண்களைப் போல மேல்துணி உடுத்தலாகாது. இலண்டன் மிஷன் சார்ந்த பெண்கள் இவர்களுக்கெனத் தளர்ந்த குறுங்கைச் சட்டையை வகுத்துத் தந்தனர். எனினும் சட்டை அணிந்த பெண்கள் பலர் அதன் மேல் தோள்சீலையும் உடுத்தினர். 1820களிலும் 1858-59இலும் கலகம் மூண்டதற்கு இம்மேல்துணியே காரணம். 1829ஆம் ஆண்டு ஆணையும் சட்டையை ஏற்று மேல்துணியை விலக்கிற்று.

மொழிபெயர்ப்பில் நேரும் திரிபு

ஆங்கில வழி எழுதப்படும் தமிழ்க் கட்டுரைகளில் இவ்விரு ஆடைகளும் பெரும்பாலும் ‘மேலாடை’ என்னும் ஒரு சொல்லில் அடங்கிவிடுகின்றன. அவ்வாறாயின் மேற்கூறிய ஆணை தன்னுள் முரண்படும்; மேலாடை அணியலாம் என்றும் அணியலாகாது என்றும் ஒரே ஆணை கூறுவதாக முடியும். ‘மார்க்கச்சை’ என்னும் பெயர்ப்பு காப்பியத் தலைவியரின் அணிகலனை நினைவூட்டுகிறது. ‘ரவிக்கை’ இக்காலத்து இறுக்கமான சட்டையைக் குறிப்பதால் அன்றைய தளர்ந்த சட்டைக்குப் பொருந்தாது.

மார்பை மறைக்கும் உரிமை ஒன்றே பூசலின் பொருள் என்னும் கருத்தும் இத்திரிபின் விளைவே. பொது இடங்களில் பெண்களின் மேல்துணி கிழிக்கப்பட்ட கொடுமையை எவரும் மறுத்தற்கில்லை. உடலை மறைத்துக்கொள்ளும் விருப்பமும் அப்பெண்களுக்கு இருந்தது. ஆயினும் சட்டை அணிந்தபின் தோள்சீலையும் உடுத்தியதை அவ்விருப்பத்தால் மட்டும் விளக்க இயலாது. மேனிலை மகளிரின் உடுத்தும் பாங்கைத் தமதாக்கிக்கொள்ளும் முயற்சி அது. ஐரோப்பாவில் நாகரிகப் போக்கு எனப்படுவது இங்குக் குற்றம் எனப்பட்டது.

உத்திரம் திருநாள் மகாராசாவின் 1859ஆம் ஆண்டு அறிவிப்பு இதற்குத் தெளிவான சான்று. சாணார் பெண்கள் சட்டை அணியலாம். முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம். வேறு எவ்வகையிலும் மார்பை மறைக்கலாம். ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தலாகாது என்பது அதன் கருத்து. மார்பை மறைத்தல் முழுமையாக ஏற்கப்பட்ட பின்னரும் தோள்சீலையின் பாங்கு மறுக்கப்பட்டது. ‘மார்புத்துணி’ என்னும் பெயரைக் கொண்டு இவ்வறிவிப்பைப் படிப்போர் இறுதி விலக்கின் காரணத்தை அறிய இயலாது.

முடிவுரை

தைத்த சட்டை வருமிடத்துக் குப்பாயம் என்றும், தையாத மேல்துணி வருமிடத்துத் தோள்சீலை என்றும் பெயர்த்தலே தக்கது. ஆங்கில நூற்பெயரை மொழிபெயர்க்கும்போது மார்புத்துணி என்பதனை ஆளலாம். நிகழ்ச்சியின் பெயராக அதனை ஆளுதல் வேண்டா. அன்றைய தென் திருவிதாங்கூரின் தமிழ்ப்பகுதி 1956இல் கன்னியாகுமரி மாவட்டமாயிற்று. அங்கு வழங்கிய இவ்விரு சொற்களும் ஆணைகளின் நுண்பொருளைத் தாமே காத்துவைத்துள்ளன. ஆங்கிலத்தின் வழியாக அவ்வரலாற்றைத் திரும்பப் பெறும் மொழிபெயர்ப்பாளர், தமிழில் முன்னரே உள்ள வேறுபாட்டை இழந்துவிடாமை வேண்டும்.